எலுமிச்சை சாதத்தின் மேல் விழுந்த நாள்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஆடி மாதம். காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுத் தருவது என் தொழில். மயில், யானை, மாங்காய் எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போடுவேன். நாற்பத்தாறு வயது வரை என் வேலையை யாரும் குறை சொன்னதில்லை.

அந்த மாதம் ஒரு கல்யாணப் புடவையின் முந்தானைக்கு நடனமாடும் பெண் வேண்டும் என்றார்கள். மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தேன். பிரிண்ட்டை வாங்கிப் பார்த்த, அதை நெய்யவிருந்த தறிக்காரரின் மனைவி சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "இன்னாபா இது, பொண்ணு ஆடுதா, ஆணியில மாட்டி வெச்சிருக்குதா?" என்று கேட்டுவிட்டார். சுற்றியிருந்தவர்களோடு சேர்ந்து நானும் சிரித்து வைத்தேன். அந்த ஆர்டர் வேறொருவருக்குப் போனது.

அந்த ரோஷத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பில் சேர்ந்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடி ஹால். வாரம் ஒருவரை எதிரே நிற்க வைத்து, பார்த்து வரைய வேண்டும். ஒரு வாரம் பால்காரர் நின்றார், ஒரு வாரம் ஆட்டோ டிரைவர். ஆறு வாரத்தில் முகமும் விரலும் ஓரளவு பிடிபட்டன. ஆனால் என் பேப்பரில் இருந்த ஆட்கள் மட்டும் நிற்கவே மாட்டேன் என்றார்கள். எல்லோரும் மிதந்தார்கள். இனி நமக்கு வராது, அடுத்த வாரத்தோடு நின்றுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அந்த அடுத்த வாரம் எங்களுக்காக நின்றவர், பக்கத்து ஹாலில் நடனப் பயிற்சி நடத்தும் பெண். ஓரிக்கை ஊர்க்காரர், முப்பது வயதிருக்கும். ஒரு முட்டியை மடக்கி இருபது நிமிடம் ஆடாமல் நின்றார். பிறகு எல்லோருடைய படத்தையும் பார்த்துக்கொண்டே வந்தவர், என்னுடையதன் முன்னால் நின்றுவிட்டார்.

"சார், இதுல என் வெயிட்டு எந்தக் கால்ல இருக்குது?"

படத்தில் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"உங்களுக்கே தெரியலன்னா பேப்பருக்கு எப்படி சார் தெரியும்? எங்க பக்கம் வந்து ஒரு மணி நேரம் நின்னு பாருங்க."

எங்கள் வகுப்பு முடிந்ததும் போனேன். கல்லூரிப் பெண்கள் பத்துப் பேர், கடைசி வரிசையில் தொப்பையோடு நான். முட்டிகளை விரித்து மடக்கி அரைமண்டியில் உட்காரும்போதே தொடை நடுங்கியது. அப்புறம் ஒரு காலைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். ஹாலே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சுவரோரம் அடுக்கியிருந்த சாப்பாட்டுப் பைகள் மேல் தொப்பென்று விழுந்தேன். ஒரு டப்பா திறந்து, சட்டையெல்லாம் எலுமிச்சை சாதம்.

அப்படியே படியிறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது. டப்பாவுக்குச் சொந்தக்காரப் பெண்தான் ஓடி வந்து கை கொடுத்தாள். "பரவால்ல அங்கிள். மொத நாள் நானும் இப்படித்தான் வுழுந்தேன். வாங்க, இன்னொரு வாட்டி நில்லுங்க."

நின்றேன். இந்த முறை அவசரப்படாமல் தூக்கினேன். உடம்பின் கனம் முழுக்க வலது குதிகாலுக்கு இறங்கியதும், இடுப்பு தானாக அந்தப் பக்கம் ஒதுங்கியது. அதே பக்கத்துத் தோள் தாழ்ந்தது. யாரும் சொல்லித் தரவில்லை, உடம்பே செய்தது. ஆறு வாரமாகக் கண்ணுக்குப் பிடிபடாதது முட்டிக்குத் தெரிந்துவிட்டது!

பயிற்சி முடிந்ததும், சட்டையில் ஒட்டிய கடுகோடு நடன ஆசிரியையை எங்கள் ஹாலுக்குக் கூப்பிட்டு, அதே மாதிரி நிற்க முடியுமா என்று கேட்டேன். பத்தே நிமிடம் வரைந்தேன். கோடுகள் கோணல்தான். படத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு குனிந்து தன் முட்டியைத் தேய்த்துக்கொண்டார்.

"இதப் பாத்தா எனக்குக் கால் வலிக்குது சார்," என்றார்.

என் வேலைக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதற்கு மேல் ஒன்று இதுவரை இல்லை.

அதன்பின் ஞாயிறுதோறும் முதலில் ஆட்டம், பிறகு ஓவியம். நவராத்திரிக்கு அவர்கள் நடத்திய நிகழ்ச்சியில் கடைசி வரிசையில் நான்கு நிமிடம் நானும் ஆடினேன். முன்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி முதல் நிமிடம் முகத்தை மூடிக்கொண்டாள். அப்புறம் போனை எடுத்து வீடியோ பிடித்தாள். எனக்கு வராது என்று எதையாவது ஒதுக்கத் தோன்றும்போதெல்லாம், அதை இதுவரை பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேனா, எழுந்து ஒரு தடவை செய்தும் பார்த்தேனா என்று என்னை நானே கேட்டுக்கொள்ளும் பழக்கம் அன்றிலிருந்து வந்தது.