மூன்று விரல் பள்ளம்

வாத்தியம் ரிப்பேர் செய்யும் தொழிலில் ஒரு தொல்லை உண்டு: வாத்தியத்துக்கு என்ன நோய் என்று நாம் பார்ப்பதற்குள், கொண்டுவந்தவர் அதன் ஊர், பேர், குலம் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருப்பார். ரேடியோ, மிக்ஸி, தையல் மெஷின் என்று எதைப் பழுது பார்க்கிறவராக இருந்தாலும் உங்களுக்கும் இந்த அனுபவம் இருக்கும். திண்டிவனத்தில் கிட்டார், கீபோர்டு, ஆம்ப்ளிஃபயர் பார்க்கிற எனக்கு அது ஒரு பாஸ் கிட்டார் உருவத்தில் வந்தது.

எலி கடித்தது

கொண்டுவந்தவர் சார்லஸ். பகலில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும், முகூர்த்த நாட்களில் விழுப்புரம் பக்கத்துக் கல்யாணக் கச்சேரிகளிலும் பாஸ் வாசிக்கிறவர். பாட்டுக்கு அடியில் தும் தும் என்று ஓடுகிறதே, அந்தத் தடித்த நாலு கம்பி வாத்தியம்தான் பாஸ். விழுப்புரத்தில் ஒரு காயலான் கடையில் இதைப் பார்த்து, வாசித்துப் பார்த்து, அங்கேயே மயங்கி வாங்கிவிட்டார்.

நான் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கம்பெனி பெயர் கிடையாது. தலைப்பகுதி வாழைப்பூ மாதிரி குவிந்திருந்தது. ஒயர் சொருகும் துளை வழக்கமான இடத்தில் இல்லாமல் மேல் விளிம்பில் இருந்தது. எல்லாவற்றையும் விட, உடம்பின் கீழ் விளிம்பில், வலது கைப் பக்கமாக, சதுரமாக ஒரு பள்ளம். மூன்று விரலைச் சேர்த்து வைத்தால் சரியாக அடங்கும். சார்லஸ் அதை ஃபாரின் கிட்டார் என்று அடித்துச் சொன்னார். அந்தப் பள்ளம் மட்டும்தான் அவருக்குப் பிரச்சினை.

“ட்ரூப்புல எல்லாரும் எலி கடிச்ச கிட்டாருன்னு கிண்டல் பண்றானுங்கக்கா. பள்ளத்த அடச்சி, மேல கறுப்பு பெயிண்ட்ட அடிச்சிக் குடுத்துடுங்க, ஜல்தியா.”

ஆளுக்கொரு தீர்ப்பு

கிட்டாரைக் கடை வாசலில் ஸ்டாண்டில் நிறுத்தினேன். அதுதான் தப்பாகப் போயிற்று. டீ குடிக்க வந்த கீபோர்டுக்காரர் ஒருவர் ஜப்பான் என்றார். எதிர்க்கடை மொபைல் தம்பி போனில் போட்டோ எடுத்துத் தேடிவிட்டு ஜெர்மனி என்றான். கிட்டார் சொல்லிக்கொடுக்கும் ஒரு மாஸ்டர், பள்ளம் எடை குறைப்பதற்காக வெட்டியது என்று அரை மணி நேரம் விளக்கினார். மூன்று விரல் கட்டையில் என்ன எடை குறையும் என்று நான் கேட்கவில்லை. உங்களுக்கே தெரியும், கடை வைத்திருப்பவர்கள் அதெல்லாம் கேட்கக் கூடாது.

பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டிக் கணக்குப்பிள்ளை மட்டும் கிட்டாரைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் பள்ளத்துக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“எந்த ஊருன்னு தெரியலம்மா. ஆனா வெட்டுனவன் சும்மா வெட்டல.”

பின்பக்கத் தகடு

அவர் சொன்னது எனக்கும் பட்டது. பள்ளத்தின் ஓரங்களை உளி வைத்து வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, உள்ளேயும் வார்னிஷ் அடித்திருந்தார்கள். உடைந்துபோன இடத்துக்கு யாராவது அவ்வளவு பாடுபடுவார்களா? மூலையில் கறுப்பு ரப்பர் நுரைத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

பின்பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே மஞ்சளாகப் பலா மரம். நம்மூர்க் கதவுக்கடையில் போடுகிற பித்தளை ஸ்க்ரூ. ஒயர்களைப் பூக்கட்டுகிற மாதிரி நூலால் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்கள். அடியில் காய்ந்த வண்டல் ஒரு கோடாகப் படிந்திருந்தது. வெள்ளத்தில் மூழ்கி எழுந்த மிக்ஸிகளை எங்கள் தெருவில் நிறையப் பார்த்திருக்கிறேன், அதே கோடு. ஜப்பானும் இல்லை, ஜெர்மனியும் இல்லை. இது நம்ம பக்கத்துக் கை. அந்தக் கை எதற்காகவோ தெரிந்தே பள்ளம் வெட்டியிருக்கிறது. அடைத்துப் பெயிண்ட் அடித்துவிட்டால் அதை யாரும் கண்டுபிடிக்கவே முடியாது.

சார்லஸுக்குப் போன் செய்து, காரணம் தெரியாமல் அடைக்க மாட்டேன், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். எதிர்முனையில் பெருமூச்சுக் கேட்டது.

“வைத்தியம் பாக்கக் குடுத்தா ஜாதகம் பாத்துக்கினு இருக்கீங்களேக்கா!”

எக்ஸ்ரேவுக்குக் காத்திருந்தபோது

அந்த வாரம் என் கொழுந்தனார் மயிலம் ரோட்டில் பைக்கோடு விழுந்து காலை உடைத்துக்கொண்டார். விழுப்புரத்தில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். சக்கர நாற்காலியில் உட்காரவைத்து எக்ஸ்ரே அறை வாசலில் வரிசையில் நிறுத்தினார்கள். அவர் வலியில் முனகிக்கொண்டிருந்தார். என் கண் நாற்காலியின் கைப்பிடியில் நின்றுவிட்டது. ரெக்சின் கிழிந்து, உள்ளிருந்து கறுப்பு நுரை எட்டிப் பார்த்தது.

குனிந்து மூன்று விரலைக் குறுக்கே வைத்தேன். சரியாக இருந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கிறவருக்காகச் செய்த கிட்டார் அது. பள்ளம் கைப்பிடி மேல் உட்கார்ந்துகொள்ளும். ஒயர் கீழே தொங்கினால் சக்கரத்தில் சிக்கும், அதனால்தான் துளை மேலே. நான் மறுபடி மறுபடி விரல் வைத்துப் பார்ப்பதைக் கண்டு கொழுந்தனாருக்குப் பொறுக்கவில்லை.

“அண்ணி, ஒடஞ்சது என் காலு. நீங்க இன்னாத்துக்கு நாற்காலியத் தடவிக்கினு இருக்கீங்க?”

கண்டமங்கலத்தில் கேட்டது

கச்சேரிக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே கேள்விதான் போட்டேன்: வீல்சேரில் உட்கார்ந்து பாஸ் வாசிக்கிறவர் யாரையாவது தெரியுமா? சாயங்காலமே ஒரு டிரம்ஸ்காரர் பதில் போட்டார். கண்டமங்கலத்தில் விமலா என்று ஒருவர், முன்பு சர்ச்சில் வாசித்தவர்.

பள்ளி விடுமுறை நாளில் சார்லஸின் வேனிலேயே போனோம். வழியெல்லாம் சார்லஸ் கண்ணாடியில் பின்சீட்டுக் கிட்டாரையே பார்த்துக்கொண்டு வந்தார். தேடிப் போகிறது கிட்டாரின் சொந்தக்காரரை என்பது அவருக்கும் உறைத்திருந்தது.

விமலா வீட்டு வாசலில் சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஒரு ஜன்னல் சட்டத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். புருவமெல்லாம் மரத்தூள். பாண்டிச்சேரியில் ஒரு மரக்கடைக்கு வேலை எடுத்துச் செய்கிறார். சார்லஸ் உறையைப் பிரித்ததும் கையிலிருந்த தாள் கீழே விழுந்தது. வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தபோது, நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம். திரும்பி வந்து பார்த்தால் கிட்டார் இல்லை. வெள்ளத்தோடு போனதென்று நினைத்து அழுது முடித்துவிட்டாராம்.

சார்லஸ் தயங்கித் தயங்கிக் கேட்டார், “இத செஞ்ச ஆசாரி யாருங்க? அவர ஒருதடவ பாக்கணும்.”

விமலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பாத்துக்கினுதான இருக்கீங்க.”

தோள் அளவு

கடையில் வாங்கிய கிட்டார் எதுவும் நாற்காலியில் அவருக்கு நிற்கவில்லையாம். நழுவும், பிடித்துக்கொண்டால் வாசிக்க முடியாது. அதனால் ஒரு பழைய கிட்டாரைப் பிரித்து அளவெடுத்து, மரக்கடையில் மிஞ்சிய பலாக்கட்டையில் தானே செதுக்கிவிட்டார். முதல் இரண்டு பாழாகி மூன்றாவதாக வந்தது இது.

கிட்டாரை எடுத்துக் கைப்பிடி மேல் வைத்தார். கட்டை அதில் போய் உட்கார்ந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கையை எடுத்துவிட்டுக்கூட நின்றது. நான் கொண்டுபோயிருந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் ஒயரைச் செருகி ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுக்கு வாசித்தார். சார்லஸ் முழுக்கக் கேட்டார். முடிந்ததும் எழுந்து, உறையை மடித்து அவர் மடியில் வைத்தார். “இது உங்களுதுங்க,” என்றார். கை மட்டும் உறையை விட்டு எடுபடவில்லை. ஆசைப்பட்டு வாங்கிய பொருளாயிற்றே.

விமலா உறையைத் தள்ளிவைத்துவிட்டு, “நீங்க ஒருதடவ வாசிங்க, பாக்கலாம்,” என்றார். சார்லஸ் நின்றபடி வாசிக்க, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“எடது தோள் எறங்குது பாருங்க. இது என் ஒடம்புக்குச் செஞ்சது, உங்களுக்கு எப்டி ஒக்காரும்? அளவு குடுத்துட்டுப் போங்க, உங்க தோளுக்கு ஒண்ணு செஞ்சித் தர்றேன்.”

வரிசை

செய்தும் தந்தார். சார்லஸின் புதுக் கிட்டார் மேடையேறிய அன்று விழுப்புரம் கல்யாண மண்டபத்தில் நானும் இருந்தேன். விமலாவும் வந்திருந்தார். கிண்டல் செய்த ட்ரூப்காரர்கள் இடைவேளையில் அவர் நாற்காலியைச் சுற்றி நின்றுகொண்டு, பலாவா தேக்கா, எத்தனை மாதம் ஆகும் என்று விசாரித்தார்கள். லீட் கிட்டார்காரர் தனக்கு முதலில் வேண்டுமென்று கையை நீட்ட, சார்லஸ் குறுக்கே புகுந்தார்.

“மெதுவா வாங்க சார், அக்காகிட்ட எனக்கப்புறம் ஏற்கெனவே ரெண்டு பேரு நிக்கிறாங்க.”

இப்படியாக, என் தொழில் வாழ்க்கையிலேயே நான் மார்தட்டிச் சொல்லிக்கொள்கிற இந்தப் பெரிய வேலையில், நான் உண்மையில் ரிப்பேர் செய்தது என்று பார்த்தால் கழற்றிய தகட்டைத் திருப்பி மாட்டியதுதான்.