வழுக்கைத் தலையும் என் ஜூம் லென்ஸும்

மெர்போக் கோயில் மண்டபத்தில் தங்கை மகளுக்குத் திருமணம். புது ஜூம் லென்ஸ் வாங்கிய திமிரில், படமெடுக்கும் பொறுப்பை நானாகவே ஏற்றுக்கொண்டேன்.

மாப்பிள்ளை வீட்டாரைப் பாலிங்கிலிருந்து ஏற்றிவந்த பஸ் டிரைவரை அங்குதான் பார்த்தேன். நல்ல உயரம், முழு வழுக்கை. நான் கேமராவைத் தூக்கும்போதெல்லாம் கைக்குட்டையால் தலையைத் துடைத்துக்கொள்வார்.

"ஃப்ளாஷ் பட்டா மண்ட மின்னும்ணே. உங்க படம் கெட்டுப் போயிரும் லா."

படத்தைக் கெடுக்க நான் ஒருவனே போதும் என்று அவருக்குத் தெரியாது.

குடும்பப் படத்துக்கு மூன்று வரிசை. மாப்பிள்ளையின் தந்தை அவரையும் கடைசி வரிசையில் இழுத்து நிறுத்தினார். பின்னணி அழகாக மங்க வேண்டுமென்று தூரத்தில் நின்று, லென்ஸை முழுக்க நீட்டி, ஒளி நுழையும் துளையை அகலத் திறந்து எடுத்தேன். முன்வரிசை பளிச்சென்று விழுந்தது. பின்வரிசையோ பின்னணியோடு சேர்ந்து மங்கிப்போனது.

டிரைவர் வந்து கேமராத் திரையை எட்டிப் பார்த்தார். "வரிசைக்கு நடுவுல இவ்ளோ இடம் விட்டா எப்படிண்ணே? நெருக்கிடலாம்."

என் பக்கத்தில் நின்றபடியே, பஸ்ஸில் ஆளேற்றும் குரலில், "முன்னால தள்ளி நில்லுங்க, இன்னும் இடமிருக்கு," என்றார். மூன்று வரிசையும் ஒட்டிக்கொண்டன. லென்ஸைச் சுருக்கி, துளையையும் குறைத்து எடுத்தேன். எல்லா முகமும் தெளிவு. கைதட்டல் எனக்குக் கிடைத்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன், அந்தப் படத்தில் அவர் இல்லை. முதல் படத்தில் இருக்கிறார்: கடைசி வரிசையில், முகமில்லாமல், அத்தனை துடைத்தும் மின்னும் ஒரு வட்டமாக. அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. மண்டபத்து விளக்கை எதற்கு இத்தனை பத்திரமாக வைத்திருக்கிறீர்கள் என்று மனைவி கேட்கிறாள்.