செவ்வந்தி வைத்த பாஸ்வேர்டு

துடியலூரில் அந்தத் தெருவில் யாருக்கு மனு அடிக்க வேண்டுமென்றாலும், காதுகுத்துப் பத்திரிகை போட வேண்டுமென்றாலும் செவ்வந்தி வீட்டைத்தான் கைகாட்டுவார்கள். தமிழ்த் தட்டச்சில் ஹையர் கிரேடு தேர்வு தேறியவள். எழுத்தைப் பார்க்காமலே அடிப்பாள், பேசிக்கொண்டே அடிப்பாள், பக்கத்து வீட்டைத் திட்டிக்கொண்டுகூட அடிப்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொழுந்தன் எழில் கல்யாணம் முடித்து மௌனிகாவை மாடி வீட்டுக்குக் கூட்டிவந்த நாளிலிருந்து அந்தக் கர்வத்துக்குப் போதாத காலம் தொடங்கியது.

மௌனிகாவிடம் இருந்ததும் செவ்வந்தியினுடையதைப் போலப் பழைய லேப்டாப்தான். ஆனால் அவள் அதிலிருந்த விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போட்டிருந்தாள். யார் வேண்டுமானாலும் சும்மாவே இறக்கிக்கொள்ளலாமாம். அதிலேயே பல வகை உண்டாம். அவள் போட்டிருந்தது மின்ட்டாம். மாமியார் பாவாத்தாள் மாடிக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்து, வந்த வேகத்தில் செவ்வந்தியிடம் சொன்னாள்.

"அவ பொட்டி பொசுக்குனு தொறந்துக்குது கண்ணு. உன்றது, நான் காப்பி குடிச்சு டம்ளரக் கழுவி வெச்சாலும் சுத்திக்கிட்டே கெடக்குது."

செவ்வந்திக்கு வயிறு பற்றி எரிந்தது. போதாக்குறைக்கு மௌனிகாவே இறங்கி வந்து, "உங்களுதுலயும் போட்டுத் தரட்டுங்களா அக்கா?" என்று கேட்டாள். அந்தக் குரலில் ஒரு துளி அலட்டலாவது இருந்திருந்தால் செவ்வந்திக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதுவும் இல்லை.

"வேண்டா அம்மணி. எனக்குத் தெரியாததா?" என்றாள்.

தெரியாது. தெரிந்துகொள்ள யூடியூபில் உட்கார்ந்தாள். புதிதாக வருகிறவர்களுக்கு மின்ட்டே சுலபம் என்று பார்த்த இடத்திலெல்லாம் சொன்னார்கள். அவள் போட்டதையே தானும் போடுவதா? நடக்காது. உபுண்டுவை எல்லோரும் வைத்திருக்கிறார்களாம், அதில் என்ன பெருமை? ஃபெடோரா என்ற வகையில் புதுசெல்லாம் முதலில் வந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். 'முதலில்' என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. தன் வேலைக்கு எது ஒத்துவரும் என்று அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

பென்டிரைவில் ஏற்றி, யாரையும் கேட்காமல் தானே போட்டாள். எந்த மொழி விசைப்பலகை என்று அது கேட்டது. இதென்ன கேள்வி, தமிழ்தான். பாஸ்வேர்டு கேட்டது. மனதில் நின்றதை விரல் அடித்தது: மௌனிகாவைமுந்தணும். திரையில் விழுந்தது வெறும் கறுப்புப் புள்ளிகள். யார் பார்க்கப் போகிறார்கள்? கீழே ஆங்கிலத்தில் ஏதோ எச்சரித்தது. எச்சரிக்கையைப் படிக்கும் பழக்கம் அவளுக்கு எந்த நாளும் கிடையாது, அதே பொத்தானை இன்னொரு முறை அமுக்கினாள், ஏற்றுக்கொண்டது.

லேப்டாப் பறந்தது. பாவாத்தாளைக் கூப்பிட்டு உட்காரவைத்து மூடித் திறந்து, மூடித் திறந்து காட்டினாள். "பரவால்லயே" என்றாள் மாமியார். செவ்வந்தி அந்த வாரம் முழுக்க நல்ல மனநிலையில் இருந்தாள். இணையத்தில் எங்கே போனாலும் ஆங்கிலம் அடிக்க வேண்டியிருக்கிறதே என்று ஒரு நாள் ஆங்கில விசைப்பலகையையும் சேர்த்து, அதைத் தமிழுக்கு மேலே ஏற்றிவைத்து, லேப்டாப்பை அணைத்தாள்.

மறுநாள் காலை பாஸ்வேர்டு தப்பு என்றது. மறுபடி அடித்தாள். தப்பு. அணைத்துப் போட்டாள், பேட்டரியைக் கழற்றி மாட்டினாள். தப்பு, தப்பு. லேப்டாப்புக்குள்ளே அதே தெரு அரங்கசாமி வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகை முடிந்து கிடந்தது. மதியம் அதை வாங்கிப் பெரியநாயக்கன்பாளையம் அச்சகத்துக்குக் கொண்டுபோக அவர் வருகிறார். வேறெங்கும் நகல் இல்லை. பங்காளிகள் பெயரே ஒரு பக்கம் வரும், திரும்ப அடித்து முடிகிற காரியமில்லை. ஃபெடோராவை மறுபடி முதலிலிருந்து போடலாமா என்றால் எல்லாம் அழிந்துவிடும் என்றது யூடியூப். கேட்பதற்கு ஒருத்திதான் இருந்தாள், அவளைக் கேட்கச் செவ்வந்திக்கு வாய் வரவில்லை.

பாவாத்தாளுக்கு வந்தது. "மௌனிகா! அக்கா பொட்டி மக்கர் பண்ணுது, வந்து பாரு கண்ணு!" என்று படிக்கட்டடியில் நின்று கத்தினாள்.

"இதோ வாரனுங்க அத்தே!"

வந்தவள் குனிந்து பார்த்தாள். பாஸ்வேர்டுக் கட்டத்தின் ஓரத்தில் ஒரு கண் படம் இருந்தது. அதை அமுக்கிவிட்டு, "எங்க, அடிங்க்கா" என்றாள். புள்ளிகளுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக விழுந்தன.

"அட, இதானுங்க்கா. தமிழ்ல வெச்சிருக்கீங்க, இங்க இங்கிலீசு உழுகுது." திரையின் மூலையில் ஆங்கிலத்தைத் தமிழாக மாற்றினாள். "இப்ப அடிங்க."

கண் திறந்தே இருந்தது, அடிப்பதெல்லாம் எழுத்தாகவே தெரியும். அதை எப்படி மூடுவதென்று செவ்வந்திக்குத் தெரியவில்லை. "நீ போ அம்மணி, நான் பாத்துக்கறேன்" என்றாள்.

"தொறந்துதான்னு பாத்துட்டுப் போறனுங்க்கா."

வாசலில் அரங்கசாமியின் வண்டிச் சத்தம் கேட்டது. செவ்வந்தி அடித்தாள். எழுத்தைப் பார்க்காமலே அடிக்கிறவள் அன்று ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அடித்தாள். மௌனிகாவைமு. அங்கே கை நின்றுவிட்டது.

"முழுசா அடிச்சாத்தானுங்க்கா தொறக்கும்" என்றாள் மௌனிகா, மெதுவாக.

முழுசாக அடித்தாள். திறந்தது.

"என்னாச்சு கண்ணு? என்ன கோளாறாம்?" என்று பாவாத்தாள் உள்ளே வந்தாள். செவ்வந்தி தலை நிமிரவில்லை. மௌனிகா வைத்த இப்படியொரு பாஸ்வேர்டு தன் கண்ணில் சிக்கியிருந்தால் மாமியாருக்கும் கொழுந்தனுக்கும் தெருவுக்கும் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்த்திருப்பாள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"ஒண்ணுமில்லீங்க அத்தே. இங்கிலீசும் தமிழும் மாறிக் கெடந்துச்சு. பாஸ்வேர்ட எங்க மாத்தறதுன்னு அக்காவுக்குக் காமிச்சுட்டு வாரேன்" என்றாள் மௌனிகா.

சொன்னபடி அந்த இடத்தைத் திறந்து வைத்துவிட்டு, புதிதாக வைப்பதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாடியேறிப் போனாள். வேகமான லேப்டாப்பை எப்படியோ பிடித்தாகிவிட்டது, அவளுக்கு இருக்கிற இந்த மனசுக்கு எங்கே போவது? வாசலில் அரங்கசாமி, "ஏனுங்க அம்மணி, பத்திரிகை ரெடிங்களா?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். செவ்வந்திக்கு வயிறு முன்னைவிட இப்போது இன்னும் எரிந்தது.