என்னைச் சாகடித்த நாவல்

ஜெர்மனியில் நான் மனநல மருத்துவமனையில் கிடந்தபோது என் கணவர் ஒரேயொரு தடவைதான் வந்தார். பிறகு தொலைபேசி எண்ணையே மாற்றிவிட்டார். விவாகரத்துக்குப் பின் அக்கா என்னை ரொறன்ரோவுக்குக் கூப்பிட்டுக்கொண்டார். மாத்திரைகளோடு மெல்ல எழும்பினேன். பிக்கரிங்கில் ஒரு பல் வைத்தியரிடம் வேலைக்கும் சேர்ந்தேன்.

போன வருடம் என் முன்னாள் கணவருடைய முதல் நாவல் வந்தது. ஜெர்மன் மொழியில், மனநோயைப் பற்றி. வாங்கி வாசித்தேன். அதில் ஒரு கணவன் தினமும் மருத்துவமனைக்கு வருகிறான். சீப்பெடுத்து மனைவிக்குத் தலை இழுத்துவிடுகிறான், சோறு பிசைந்து வாயில் தீத்துகிறான். நான் பயத்தில் பிதற்றிய சொற்களைக்கூட அப்படியே எடுத்துப் போட்டிருந்தார். கடைசியில் அவள் செத்துப்போகிறாள். அவன் அழுகிறான். அந்த அழுகையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நம்மவர் ஜெர்மன் மொழியில் எழுதிவிட்டார் என்ற பெருமையில் ஸ்காபரோவில் தமிழர்கள் அவருக்குக் கூட்டம் வைத்தார்கள்.

"போகாதை. உனக்குத் திரும்ப வருத்தம் வந்திடும், பிறகும் ஆசுபத்திரிதான்," என்றார் அக்கா.

"வருத்தம் இந்தமுறை அவருக்குத்தான்."

பட்டுச்சேலை உடுத்து, அக்காவையும் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் இருந்தேன். மேடையேறியதும் என்னைக் கண்டுவிட்டார். பேச்சு தடுமாறியது. கேள்வி நேரம் வந்ததும் ஒலிவாங்கியை வாங்கினேன்.

"நான் இவரின்ரை முதல் மனிசி. கதையிலை செத்துப்போனது நான்தான்."

பிறகு அவர் பக்கம் திரும்பினேன்.

"ஒவ்வொரு நாளும் வந்தனீங்கள் எண்டு எழுதியிருக்கிறியள். தலை இழுத்துவிட்ட ஒரு நாளைச் சொல்லுங்கோ பாப்பம்."

அவர் முகம் வெளிறியது. எனக்கு மட்டும் விளங்கட்டும் என்று ஜெர்மன் மொழியில் கெஞ்சினார். நான் திரும்பிச் சபைக்கு உரக்கச் சொன்னேன்:

"இஞ்சை வேண்டாமாம். பிறகு தனியக் கதைப்பமாம்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"அது கற்பனைதானே..." என்று அவர் இழுத்தார்.

"நான் செத்தது கற்பனையோ, நீங்கள் வந்தது கற்பனையோ?"

"அக்கா, இருங்கோ அக்கா," என்று கூட்டம் வைத்தவர்களில் ஒருவர் என்னிடம் ஓடிவந்தார். தொலைபேசி எண் மாற்றிய கதையையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் என் இடத்தில் இருந்தேன். கூட்டம் கலைந்தபோது அவரோடு நின்று படம் எடுக்க ஒருவரும் போகவில்லை.

காரில் அக்கா கேட்டார்: "இப்ப ஆறிட்டுதோ?"

"இல்லை. ஆனா நல்லாயிருக்கு."

மன்னிப்புக் கேட்டு இன்னமும் செய்தி அனுப்புகிறார். எல்லாவற்றையும் திறந்து பார்க்கிறேன். நான் வாசித்துவிட்டேன் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். பதில் மட்டும் போடுவதில்லை.