வெப்ஸ்டர் வீட்டுக் குலசாமி

காலை ஐந்தரை மணிக்கு நானும் என் மகள் ஸ்டெல்லாவும் கருமத்தம்பட்டியில் கோவைப் பேருந்து ஏறினோம். கோவையிலிருந்து பொள்ளாச்சி, பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டெல்லாவுக்குக் கோபிசெட்டிபாளையத்தில் மாப்பிள்ளை. பிள்ளைகள் தாங்களே விரும்பியது. போன ஞாயிறு அவர்கள் வீட்டார் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா வாழைத் தோட்டக்காரர், நல்ல மனிதர். காப்பியைக் குடித்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங்க, வெப்ஸ்டர்னு பேரு வெச்சிருக்கறீங்க. பூர்வீகம் எந்த ஊருங்க? குலசாமி எங்க இருக்குதுங்க?”

எங்கள் பக்கத்தில் யாரும் கேட்கிற கேள்விதான். கல்யாணப் பத்திரிகையில் முதல் ஒன்றைக் குலசாமி முன்னால் வைத்த பிறகே ஊருக்குக் கொடுப்பார்கள். நாங்களோ மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. தலையைக் குனிந்துகொண்டேன். “செரி, நிச்சயத்துக்குள்ள விசாரிச்சுச் சொல்லுங்க” என்று கிளம்பிப் போனார். ஸ்டெல்லா டம்ளர்களை எடுத்துப்போய் வெகுநேரம் கழுவினாள்.

அப்பா சொல்லி நான் அறிந்தது கொஞ்சம்தான். முதல் வெப்ஸ்டர் வெள்ளைக்காரர். வால்பாறை மலையில் காட்டைத் திருத்தித் தேயிலைத் தோட்டம் போட்டவர். அங்கே வேலைக்கு வந்த ஒரு பெண்ணை மணந்து, காய்ச்சலில் அங்கேயே இறந்துபோனார். அவர் மகன், அதாவது என் தாத்தா, போத்தனூருக்கு இறங்கி ரயில்வேயில் சேர்ந்தார். அப்பா கோவையில் மில்லுக்குப் போனார். நான் ஐந்தாம் வகுப்போடு விசைத்தறிக்கு வந்தேன். முதல் வெப்ஸ்டரின் கல்லறையையாவது பார்த்து விசாரித்து வரலாம் என்றுதான் கிளம்பினோம்.

ஆழியாறு தாண்டியதும் மலை தொடங்கியது. நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஓட்டுநர் நீளமாக ஹாரன் அடித்தார். கீழே அணைத் தண்ணீர் சின்னதாகிக்கொண்டே வந்தது. ஸ்டெல்லா செல்போனில் எதையோ படித்துவிட்டு என் தோளைத் தட்டினாள்.

“ஏனுங்கப்பா, வெப்ஸ்டர்னா என்னன்னு தெரியுங்களா? நெசவு செய்யறவங்களாமா. அந்தக் காலத்துல இங்கிலாந்துல தொழிலை வெச்சுத்தான் ஊட்டுப்பேரு வெப்பாங்களாம்.”

நான் நம்பவில்லை. மறுபடியும் படிக்கச் சொன்னேன். மறுபடியும் அதையே படித்தாள்.

“கப்பலேறி வந்து, தோட்டம் போட்டு, ரயில்ல வேலை பாத்து, கடைசில திரும்பவும் தறிக்கே வந்துபோட்டோம். இதுக்கு அங்கயே இருந்திருக்கலாமுங்கப்பா!” என்று சிரித்தாள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். மற்ற நாளாக இருந்தால் கூச்சப்பட்டிருப்பேன். அன்று நானும் சிரித்தேன்.

பதினொன்றரைக்கு வால்பாறை. மூடுபனியும் குளிரும். அப்பா சொன்ன எஸ்டேட் பன்னிரண்டு கிலோமீட்டர். போய்வர ஜீப்புக்கு அறுநூறு ரூபாய். ஓட்டுநர் செந்திலிடம் வெப்ஸ்டர் கல்லறை என்றேன். உதட்டைப் பிதுக்கினார். தோட்டம் போட்ட வெள்ளைக்காரர் என்றதும், “அட, தொரைசாமியக் கேக்கறீங்களா! அதை மொதல்லயே சொல்றதில்லீங்களா?” என்று வண்டியைக் கிளப்பினார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

தொழிலாளர் குடியிருப்புக்கு மேலே, மூன்று சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் அந்தக் கல் நின்றது. சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். உச்சியில் சிலுவை, அதன்மேல் குங்குமம். முன்னால் ஒரு சுருட்டு, ஒரு கண்ணாடி டம்ளர். பெயரின் முன்பாதியைப் பாசி மூடியிருந்தது. மீதியை ஸ்டெல்லா எழுத்துக்கூட்டிப் படித்தாள்: “வெப்ஸ்டர். பொறந்தது யார்க்‌ஷயர்.” பிறகு செல்போனைப் பார்த்து, “அது இங்கிலாந்துல துணி நெய்யற சீமையாமுங்கப்பா” என்றாள்.

கொழுந்து எடுத்துவிட்டுச் சாப்பாட்டுக்கு இறங்கிய பெண்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். தங்களில் ஒருவரைக் காட்டி, இங்கே விளக்கேற்றுகிறவர் அன்னக்கிளி என்றார்கள். அவர் இடுப்பில் கைவைத்துக் கேட்டார்: “யாரு நீங்க? இங்க வெளியாளு செருப்போட நிக்கக் கூடாது.”

செருப்பைக் கழற்றினேன். ஸ்டெல்லா சொன்னாள்: “இவரோட தாத்தாவுக்கு அப்பாங்க, இங்க இருக்கறவரு.”

பெண்கள் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள்.

“தொரை வம்சமா? எங்கள விடக் கறுப்பா இருக்காரு!” என்றார் ஒரு பெண். எல்லாரும் சிரித்தார்கள். அன்னக்கிளி சிரிக்கவில்லை. “இத்தனை காலமா எங்கய்யா போனீங்க? ராத்திரி ஆனை வந்தா இவருகிட்டதான் சொல்லிட்டுப் படுக்கறோம். எங்க லயத்து வீடுகள்ல ஒரு கதவை அது தொட்டதில்ல. உங்க சாமிய நாங்க பாத்துக்கறோம், நீங்க எட்டிக்கூடப் பாக்கல.”

அவர் ஒரு பெண்ணை அனுப்பிக் கடுந்தேநீர் வரவழைத்தார். “சீனி கிடையாது. தொரைக்குப் பிடிக்காது. ரத்த உறவு வந்தா அவங்கதான் ஊத்தணும். யாருன்னு சத்தமா பேரு சொல்லி ஊத்துங்க.”

இருபது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ரேஷன் கடையில்கூட என் பெயரை வாய்க்குள்தான் சொல்லுவேன். டம்ளரில் தேநீரை ஊற்றினேன். “அந்தோணி வெப்ஸ்டர் வந்திருக்கறனுங்க. கருமத்தம்பட்டிங்க. தறி ஓட்டறனுங்க” என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. சிலுவை போட்டுக்கொண்டேன். அன்னக்கிளி என் நெற்றியில் திருநீறு பூசினார். இரண்டும் ஒன்றையொன்று தடுக்கவில்லை.

வால்பாறைக்குத் திரும்பியதும், பேருந்து நிலையத்தில் நின்று நானே மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்குப் போன் செய்தேன். யார்க்‌ஷயர், வால்பாறை, போத்தனூர், கோவை, கருமத்தம்பட்டி என்று வந்த வழி முழுவதும் தடுமாறாமல் சொன்னேன். “சாமி மலைமேல இருக்குதுங்க. ஆனையக் காக்கற சாமிங்க. இல்லீங்க, ஆனைகிட்ட இருந்து காக்கற சாமிங்க.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “அப்பறம் என்னங்க! மொதல் பத்திரிகைய அங்கதானுங்களே வெக்கோணும்? நானும் வாரேன். சாமிக்கு என்னங்க புடிக்கும்?”

“டீங்க” என்றேன். “சீனி போடாம.”