இராசமலர் அக்காவின் கார்க் கண்ணாடி

கார்க் கண்ணாடி உடைத்துத் திருடுகிறவர்களுக்கு ஒரு புத்தி இருக்கிறது. இருப்பதற்குள் சின்னக் கண்ணாடியாகப் பார்த்துத்தான் உடைப்பார்கள். சத்தம் குறைவு என்று நினைப்பு. உடைத்தவன் போய்விடுவான், மாற்றுக் கண்ணாடி தேடி நாய்படாப் பாடு படுவது நான். முன்கண்ணாடி கேட்டால் யாழ்ப்பாணத்தில் மூன்று கடையில் கிடைக்கும். பின்கதவுக்குப் பின்னால் இருக்கிற அந்த முக்கோணத் துண்டு வேண்டுமென்றால், கொழும்பில் பழைய கார் உடைக்கிற இடத்தில் சொல்லிவைத்து, தலையணைக்குள் சுற்றி, இரவு பஸ்ஸில் வரவேண்டும்.

என் பெயர் எமில்ராஜ். குருநகரில் இருபத்திரண்டு வருடமாக இதுதான் தொழில். போனோமா, கண்ணாடியைப் போட்டோமா, கையைத் துடைத்தோமா, வந்தோமா என்று இருக்கிறவன். மற்றவர்களின் வீட்டு விவகாரத்துக்குள் தலையை நீட்டுவதில்லை. அப்படிப்பட்ட நான்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை இராசமலர் அக்காவின் காரில், பின்சீற்றில், போகக்கூடாத நேரத்தில் ஏறினேன்.

இராசமலர் அக்கா கோப்பாய்க்காரி. வயது அறுபத்துநாலு. தெல்லிப்பழையில் ஒரு பள்ளிக்கூடக் கந்தோரில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். கலியாணம் செய்யவில்லை. கேட்டுவர ஆள் இருந்த காலத்தில் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து திரிந்தார். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. தாய்க்குச் சீதனமாக வந்து, பிறகு தனக்கு எழுதப்பட்ட அந்த வீட்டைச் சம்பளத்தில் மிச்சம்பிடித்துத் திரும்பக் கட்டினார். தம்பி வாகீசனின் மனைவி பிள்ளையைப் பெற்றுவிட்டுக் கண்ணை மூடியதும், அந்தப் பிள்ளை கீர்த்திகாவையும் அதே வீட்டில் வைத்து வளர்த்தார். கீர்த்திகா இப்போது மட்டக்களப்பில் படிக்கிறாள். வாகீசன் பரந்தனில் காணித் தரகு பார்க்கிறான். நினைத்தால் வருவான், நினைத்தால் போவான்.

ஓய்வு பெற்ற கையோடு அக்கா கார் ஓடப் பழகினார். ஒரு பழைய ஜப்பான் கார் வாங்கி, கழுத்தை நீட்டி நிமிர்ந்து இருந்து, சைக்கிள்காரன் முந்திப் போகிற வேகத்தில் ஓடுவார். எல்லாம் சரி, இராகுகாலம் என்றால் மட்டும் ஆள் வாசல் படலையைத் தாண்டாது. போயே தீரவேண்டும் என்றால், முதல்நாளே நல்ல நேரம் பார்த்துப் பையை வீட்டுக்கு வெளியே வைத்துவிடுவார். பை வெளிக்கிட்டால் ஆளும் வெளிக்கிட்டதாகக் கணக்காம். சாரதிப் பரீட்சைக்குப் போனபோது அவருடைய கைப்பை ஒரு இரவு முழுக்கப் பக்கத்து வீட்டில் படுத்திருந்தது. நான் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போகிறவன், எனக்கு இதெல்லாம் சிரிப்பு. "கைப்பைக்கும் லைசன்ஸ் குடுத்தவங்களோ அக்கா?" என்று கேட்டிருக்கிறேன். கோபிக்கமாட்டார். ஊருக்கே தெரிந்த பழக்கம் அது.

அந்தத் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பத்திரம் முடிக்கிற நொத்தாரிசிடம் போய், வீட்டைக் கீர்த்திகாவின் பெயருக்கு எழுதுவதாக இருந்தார். எட்டு மணிக்கு வெளிக்கிடவேண்டும். திங்களில் அது இராகுகாலம். ஆகவே ஞாயிறு பின்னேரம் ஆறரைக்கு, வீட்டு உறுதிப் பத்திரம், ஐசி என்கிற தன் அடையாள அட்டை, இரண்டு படம் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக் காரின் பின்சீற்றில் வைத்துப் பூட்டினார். விடிய எழும்பிப் பார்த்தால் முக்கோணக் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. பையைக் காணவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது பொலிஸ் எழுதிக்கொண்டு போய்விட்டது. காருக்குள் றேடியோ இருந்தது. நல்ல குடை ஒன்று இருந்தது. கீர்த்திகாவுக்கு அனுப்ப வாங்கிய புதுச் சுரிதார் கடைப் பையோடு அப்படியே இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்றும் பிடிக்கவில்லை. கார் ஓட்டைக் காராகையால் அதன் பூட்டுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம். மற்றக் கதவுகளின் பூட்டுக் குமிழ்கள் உள்ளுக்குக் கையை விட்டு இழுத்தாலும் வராது. இடதுபக்கப் பின்கதவுக் குமிழ் ஒன்றுதான் வரும். உடைந்தது அதற்குப் பக்கத்துக் கண்ணாடி.

"அக்கா, பை காருக்குள்ளை கிடக்கிறது ஆர் ஆருக்குத் தெரியும்?"

"கீர்த்திகாவுக்குச் சொன்னனான். இரவு வாகீசன் போன் எடுத்தவன், அவனுக்கும் சொன்னனான்." பிறகு, நான் ஒன்றும் கேட்காமலே, "அவன் சனிக்கிழமையே பரந்தனுக்குப் போயிட்டான் தம்பி," என்றார்.

நான் கண்ணாடித் துணுக்குகளைக் கூட்டினேன். கார்க் கண்ணாடி உடைந்தால் அரிசிக் குறுணல் மாதிரிக் கொட்டுப்படும். இந்தக் குறுணலுக்கு ஒரு அடையாளம் இருந்தது. முந்திய சொந்தக்காரன் எல்லாக் கண்ணாடிக்கும் வெயிலுக்கு ஒட்டியிருந்த மண்நிறக் கபிலத் தாளை அக்கா சுரண்டி எடுத்திருந்தார். கை எட்டாததால் இந்த முக்கோணங்களில் மட்டும் விட்டுவிட்டார். அதனால் ஒவ்வொரு துணுக்கின் முதுகிலும் கபிலத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தது.

"செருப்பின்ரை அடியைப் பாருங்கோ அக்கா. உது ரப்பருக்குள்ளை இறங்கினால் ஒரு மாதத்துக்குப் போகாது. நடக்க நடக்கச் சீமெந்திலை கீறும்," என்றேன்.

அப்போது நொத்தாரிசு போன் எடுத்தார். அக்கா கேட்டு முடித்துவிட்டுக் கதிரையில் இருந்தார். 

"உறுதியும் ஐசியும் ஒருத்தன்ரை கையிலை இருந்தால், வேறை ஒருத்தியைக் கொண்டுபோய் நான்தான் இராசமலர் எண்டு கையெழுத்து வைப்பிச்சு வீட்டை வித்துப்போடுவாங்களாம். கெதியாக் காணிக் கந்தோருக்குப் போய், ஒண்டும் பதியக்கூடாதெண்டு எழுதிக் குடுக்கட்டாம்."

"அப்ப இப்பவே போங்கோவன்!"

"பொலிஸிலை பின்னேரம் வரச்சொல்லி நிக்கினம். நாளைக்குச் செவ்வாய், ஒண்டும் தொடங்கிறேல்லை. புதன் காலமை போறன்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. வீடு போகப்போகிறது, இவர் கிழமை பார்க்கிறார். திட்டக் கூசி, அளவெடுத்தேன். செவ்வாயில் தொடங்கக்கூடாது என்பதற்காக என் வேலையையும் அன்றைக்கே தொடங்கவைத்தார். பழைய ரப்பரில் ஒரு முனையை அவர் கண் முன்னால் இழுத்துக் கழற்றிய பிறகுதான் போகவிட்டார்.

மறுநாள் விடியப் பஸ்ஸில் கண்ணாடி வந்தது. மத்தியானம் போய், பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசை இழுத்து, கண்ணாடியை வைத்து அமர்த்தி, மூன்று பக்கமும் ஒட்டுநாடா ஒட்டினேன். வடிவாகப் பொருந்தியது. "நாளை வரைக்கும் காரை எடுக்கவேண்டாம். கதவை அடிச்சுச் சாத்தினால் உள்ளுக்குக் காத்து இறுகிக் கண்ணாடியைத் தள்ளிப்போடும்," என்றேன். அக்கா தலையாட்டினார். இரவு முழுக்க அவர் நித்திரை கொள்ளவில்லை என்று கண் சொன்னது.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முந்திப் படலையில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வாகீசன். ஐம்பது வயது, வெள்ளைச் சேட்டு, சிரித்த முகம். படலைக்கு வெளியே வாய்க்காலுக்கு மேல் ஒரு சீமெந்து மதகு இருக்கிறது. அவன் இறங்கி அதில் முதல் அடி வைத்தபோதே சத்தம் கேட்டது.

கிறீச்.

இரண்டாவது அடிக்கும் கேட்டது. முற்றத்து மணலில் கேட்கவில்லை. கார் நின்ற சீமெந்துத் தரையில் ஏறியதும் திரும்பக் கிறீச், கிறீச் என்று அது எங்களை நோக்கி வந்தது. நான் கையில் இருந்த துணியைப் பார்த்தேன். அக்காவைப் பார்க்கப் பயமாக இருந்தது.

வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு அவன் அக்காவின் தோளைத் தொட்டான். "ஒண்டுக்கும் யோசியாதை அக்கா. உறுதி போனால் கொப்பி எடுக்கலாம். பரந்தனிலையிருந்து நேரை இஞ்சைதான் வாறன்."

"நாளைக்குக் காணிக் கந்தோருக்குப் போகவேணும், வாகீசன்."

"நாளைக்குக் கரிநாளெல்லே. கலண்டர் பாத்தனான். வெள்ளிக்கிழமை நானே கூட்டிக்கொண்டு போறன். ஐசியும் இல்லாமல் நீ தனியப் போய் அலையாதை." சொல்லிவிட்டு முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனான்.

அக்காவுக்குக் கலண்டர் மனப்பாடம். எந்த மாதத்தில் எந்த நாள் கரிநாள் என்று நித்திரையில் கேட்டாலும் சொல்லுவார். நாளைக்குக் கரிநாள் இல்லை.

அவர் குனிந்து தம்பியின் வலதுகால் செருப்பை எடுத்துத் திருப்பினார். அடியில் ரப்பர்க் கோட்டுக்குள் ஒரு துணுக்கு இறுகியிருந்தது. விரலால் தடவினார். முதுகில் கபிலத் தாள்.  அந்தச் செருப்பை ஒரு ஷொப்பிங் பையில் போட்டுச் சுருட்டினார். மற்றது படியிலேயே கிடந்தது.

"தம்பி, நேரம் என்ன?"

"மூண்டு அஞ்சு. அக்கா, இராகுகாலம்." அதைச் சொன்னது நான்தான். என் வாயில் அந்தச் சொல் எப்படி வந்ததோ தெரியாது.

"ஏறும்," என்றார். "பின்னுக்கு ஏறிக் கண்ணாடியைப் பிடியும்."

கதவைச் சத்தமில்லாமல் சாத்தினோம். கண்ணாடி தள்ளிப்போகாமல் இருக்க மற்றக் கண்ணாடிகளைக் கொஞ்சம் இறக்கிவிட்டேன். உள்ளங்கையை அந்த முக்கோணத்தில் வைத்து அமர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். அக்கா அன்றைக்கு ஓடிய ஓட்டத்தை நான் இருபத்திரண்டு வருடத்தில் எந்தப் பஸ்காரனிடமும் பார்க்கவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் பசை மெல்ல அசைவது கைக்குத் தெரிந்தது. வழியில் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். "அவனுக்கு நான் சோறு தீத்தி விட்டிருக்கிறன் தம்பி." 

காணிப் பதிவகத்தில் அடையாள அட்டை இல்லையென்று முதலில் முகத்தைச் சுளித்தார்கள். பொலிஸ் முறைப்பாட்டுக் கொப்பியையும் சாரதி அட்டையையும் காட்டி, நின்ற நிலையிலேயே எழுதிக் கொடுத்தார். முப்பது வருடக் கந்தோர்க் கை, ஒரு வெட்டுத் திருத்தம் இல்லை. வாங்கிய அதிகாரி ஏட்டைப் புரட்டினார். பிறகு அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னும் ஒண்டும் பதிவுக்கு வரேல்லை. ஆனால் இண்டைக்குக் காலமை ஒரு பொம்பிளை வந்து இதே பக்கத்தைத் தேடிப் பாத்தவ. ஆரெண்டு கேக்க, இராசமலர் எண்டுதான் சொன்னவ."

அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டார்.  எங்கோ யாழ்ப்பாணத்துக்குள் இன்னொரு இராசமலர் இவருடைய அட்டையோடு நடந்து திரிகிறாள். நாளைக்கு வந்திருப்பாள். அக்கா நல்ல நேரம் பார்த்துப் புதன்கிழமை வந்திருந்தால் அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றிருப்பார்.

எழுதிக் கொடுத்ததன் கொப்பியில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். பொலிசுக்குப் போவோம் என்றேன்.

"போவம். முதல் வீட்டை போகவேணும். கீர்த்திகாவின்ரை படிப்புப் பேப்பரெல்லாம் அலுமாரியிலை. அவனை உள்ளுக்கை விட்டிட்டு வந்திட்டன்." காரில் ஏறித் திறப்பைப் போட்டார். "வீட்டைக் காப்பாத்தியாச்சு தம்பி. இனி அங்கை போகவேணுமே."

ஒழுங்கைக்குள் திரும்பும்போதே அவனைக் கண்டோம். படலையடியில், மதகின் மேல், வெறுங்காலோடு நின்றான். முகம் கழுவித் தலை வாரி இழுத்திருந்தான். கையில் மற்றச் செருப்பு.

அக்கா காரை நிறுத்தினார். தன் பக்கக் கண்ணாடியை இறக்கினார். 

"வாகீசன், என்ரை பையைக் குடுத்திட்டு வெளிக்கிடு. இந்தப் படலைக்குள்ளை இனி வராதை. காணிக் கந்தோரிலை எழுதிக் குடுத்திட்டன்."

அவன் முகத்துச் சிரிப்புப் போகவில்லை. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. ஒற்றைச் செருப்பை மதகில் மெதுவாக வைத்துவிட்டு, படலையை உள்ளிருந்து சாத்துகிறவன் போல அதில் சாய்ந்தான்.

"இப்ப எப்பிடி அக்கா வெளிக்கிடுறது? நாலரை வரைக்கும் இராகுகாலமெல்லே. நீதானே பழக்கினனி." பிறகு என்னைப் பார்த்தான். "கண்ணாடி வேலை முடிஞ்சுதெல்லோ? நீங்கள் போங்கோ அண்ணை."

முடிந்துதான் இருந்தது. பசை பிடித்துவிட்டது, கையை எடுத்தாலும் கண்ணாடி அசையவில்லை. என் சைக்கிள் அவனுக்குப் பின்னால், முற்றத்தில் நின்றது. எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். முன்சீற்றில் அக்கா பிடரியை நிமிர்த்தி, திரும்பிப் பார்க்காமல் இருந்தார். இரும் என்றோ போம் என்றோ சொல்லவில்லை.

"இல்லைத் தம்பி," என்றேன். "பசை இன்னும் காயேல்லை." கையைத் திரும்பவும் கண்ணாடியில் வைத்தேன். நாலரை ஆக இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.