ரத்மலானையிலிருந்து பலாலிக்கு ஒரு மணி இருபது நிமிடம், என் கல்யாணத்துக்கு

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு யாழ்ப்பாணத்தில் கல்யாணம் நிச்சயமானது. மாத்தளையில் மிளகும் கொக்கோவும் வாங்கி விற்கும் குடும்பம் எங்களுடையது. ஏ-ஒன்பது வீதியில் நேரே வடக்கே நூற்றெண்பத்தைந்து மைல் போனால் பெண் வீடு. எனக்கோ பிளேன் பைத்தியம். மாப்பிள்ளை ஆகாயத்திலிருந்து இறங்கினால் எப்படியிருக்கும்! அந்த ஆசைக்காகத் தெற்கே தொண்ணூற்றேழு மைல், கொழும்புக்கு அருகிலுள்ள ரத்மலானைக்குப் போய், அங்கிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்குப் பறப்பதென்று முடிவெடுத்தேன். வானில் இருநூறு மைல் சொச்சம், ஒரு மணி இருபது நிமிடம். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதேதான்.

நான் முதல்நாள் இரவே தனியாகப் போய்விடுவேன், மற்றவர்கள் வாடகை பஸ்ஸில் நேரே யாழ்ப்பாணம் வருவார்கள் என்பது ஏற்பாடு. உம்மாவின் தம்பி காதர் மாமா கடைசி நேரத்தில் குறுக்கே விழுந்தார்.

"மாப்பிள்ளையத் தனியா பிளேன் ஏத்தினா ஊர்ல என்னா பேசுவாங்க? எல்லாருமாப் போய் வழியனுப்பிட்டு வருவோம்."

"அப்புறம் நிகாஹ்வுக்கு?"

"பிளேன் போற ஊருக்கு பஸ் போகாதா? பின்னாலயே வந்துர்றோம்."

ஆண்கள் முப்பது பேர் என்னோடு பஸ்ஸில் ஏறினார்கள். பெண்கள் நகையும் கூறைப்புடவையுமாக மாத்தளையிலேயே இருந்தார்கள். திரும்பி வரும்போது ஏற்றிக்கொள்ளலாமாம். காலை ஏழரைக்கு பிளேன் கிளம்பியபோது முப்பது பேரும் கையசைத்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூளை மட்டும் வேலை செய்யவில்லை.

இந்த வழியில் பறப்பவர்கள் வலது பக்க ஜன்னலைக் கேட்டு வாங்குங்கள். வானம் தெளிவாக இருந்தால் மாத்தளைப் பக்கத்து மலைகள் தூரத்தில் நீலமாகத் தெரியும். அவற்றைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பஸ் இன்னும் கொழும்பையே தாண்டியிருக்காது. அது மாத்தளைக்குத் திரும்பி, பெண்களை ஏற்றிக்கொண்டு, நாலந்தா, நாவுல, தம்புள்ளை என்று வரவேண்டும். மொத்தம் இருநூற்றெண்பத்திரண்டு மைல்!

பலாலியில் பெண்ணின் வாப்பா என்னைக் கட்டியணைத்தார். பிறகு பிளேன் படியையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசி ஆளும் இறங்கியாயிற்று.

"உங்கட ஆக்கள் எங்க தம்பி?"

"மாத்தளைக்குப் போறாங்க, மாமா."

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு நிகாஹ் என்று பேச்சு. அஸரும் முடிந்தது. பெண்ணின் பெரிய வாப்பா எழுந்தார். "வீட்டை விட்டு ஓடி வந்த பிள்ளையோ என்னவோ. பொழுதுபட முந்தி, மஃரிபுக்குள்ள பஸ் வராட்டிக் கல்யாணம் இல்லை" என்றார். வழியனுப்ப வந்த கதையை மூன்று தடவை சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய்போலக் கேட்டது.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து மணப்பெண்ணே பேசினாள்.

"நான் கட்டப்போறது பஸ்ஸையோ?"

முதலில் சிரித்தவர் மௌலவி. பெண்ணுக்கு நான் கொடுக்கவேண்டிய மஹர் நகை பஸ்ஸில் வருகிறதே என்று நான் இழுத்தேன். "இப்ப உம்மட்ட என்ன இருக்கு?" என்று மௌலவி கேட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தேன். மஃரிபுக்கு முன்பே நிகாஹ் முடிந்தது.

இதே பயணத்துக்குத் திட்டமிடுபவர்கள் இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரத்தோடு கணக்கை நிறுத்தாதீர்கள். வழியனுப்ப வருபவர்கள் திரும்பும் தூரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். மாத்தளைக்காரர்கள் பேசாமல் ஏ-ஒன்பதிலேயே போங்கள். எங்கள் பஸ் எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். கடிகாரம் அவள் கையில் இருந்தது. நான் நேரம் கேட்கவில்லை.